உப்பு கசியாது, சரி. ஓட்டை?

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: பூமிக்கடியில் உப்புப் பாறைக்குள் குகை செய்து அதில் கேஸைச் சேமிப்பது பற்றிய பேச்சு அது. நான் கேட்டது ஒரே கேள்வி: கேஸ் சேமிக்க உப்புக் குகைக்கு இடம் பார்க்கும்போது, அந்த ஊரில் எப்போதோ தோண்டி மறந்துபோன கிணறுகளை யார் தேடுவார்கள்? வந்த பதில்: "அக்கா, உப்பு கசியாது. நிம்மதியா தூங்குங்க." கூடவே நாற்பது சிரிப்பு முகங்கள்.

உப்பு கசியாது என்று எனக்கும் தெரியும் தம்பி. ஆழத்தின் அழுத்தத்தில் அது மெல்ல இளகி விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். அதனால்தான் நல்ல தண்ணீரை இறக்கி, உப்பைக் கரைத்துக் குகை செய்கிறார்கள். நான் கேட்டது உப்பைப் பற்றி அல்ல, ஓட்டையைப் பற்றி.

அமெரிக்காவின் கான்சாஸில் ஹட்சின்சன் என்று ஓர் ஊர். 2001 ஜனவரி 17 காலை, ஊர் நடுவே கடைகள் வெடித்தன. மறுநாள் இன்னொரு வெடிப்பில் இரண்டு பேர் செத்தார்கள். கேஸ் வந்தது ஏழு மைல் தள்ளி, யாகி என்ற இடத்து உப்புக் குகைக் கிடங்கிலிருந்து. உப்பு கசியவே இல்லை! குகைக்கு இறங்கும் கிணற்றின் இரும்புக் குழாயில்தான் சேதம். முன்பு புரொப்பேன் என்ற இன்னொரு கேஸுக்காகத் தோண்டி, சிமென்ட் போட்டு அடைத்து, பிறகு மறுபடி குடைந்து திறந்த கிணறு அது. வெளியேறிய கேஸ் மெல்லிய பாறை அடுக்கொன்றின் வழியே ஊருக்கு அடியில் வந்து சேர்ந்தது. மேலே வர அதற்கு வழி தயாராக இருந்தது. உப்புநீர் எடுக்க அந்தக் காலத்தில் தோண்டி, அப்படியே விட்டுப்போன கிணறுகள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பா புதுச் சமையல்கட்டுக்கு வானம் தோண்டியபோது பக்கத்து வீட்டு ஆத்தா வந்து, "அங்க கிணறு இருந்துச்சுப்பா, உங்கப்பாரு தூர்த்தாரு" என்றாள். மேஸ்திரி சிரித்தார். மண்ணு கெட்டி, கவலைப்படாதீங்க என்றார். இரண்டாவது ஐப்பசி மழையில் அம்மி கிடந்த மூலை அரை அடி இறங்கியது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். "அப்போ கேஸே வேண்டாமா? உன் வீட்டில் அடுப்பு எரியலையா?" எரிகிறது. வேண்டாமென்று எங்கே சொன்னேன்? "2001 கதை, அதற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன." ஆமாம், இரண்டு உயிர் போன பிறகு. "இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1979லிருந்து உப்புக் குகையில் கேஸ் வைக்கிறார்கள்." சந்தோஷம். அதற்காக இங்கே கேள்வி கேட்கக் கூடாதா?

கரைத்த உப்புநீரை எங்கே விடுவது என்பதும் இடம் பார்ப்பதில்தான் சேரும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆல்டன் என்ற கேஸ் கிடங்குத் திட்டக்காரர்கள் அதை ஷுபெனகாடி ஆற்றில் விடப் பார்த்தார்கள். அந்த ஆற்றோரத்து மிக்மாக் பழங்குடி மக்கள் வருடக்கணக்கில் மறித்தார்கள். 2021ல் கம்பெனியே திட்டத்தைக் கைவிட்டது. அவர்களும் தூங்கப் போயிருக்கலாம், இல்லையா?

எங்கே கிணறு இருந்தது என்பது ஆத்தாக்களுக்குத்தான் தெரியும். அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள். அந்த நாற்பதில் மூன்று பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் போன பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர். அன்ஃபிரண்ட் பண்ணப் போவதில்லை. சிரித்து முடித்ததும் கீழே பதில் எழுதட்டும்: அந்தக் கிணறுகளை யார் தேடுவார்கள்?