பதற்றத்தின்போது வேகமாக மூச்சிழுப்பது குறித்து ஒரு திருத்தம்

மன அழுத்தம் ஏறும்போது ஆழமாகவும் வேகமாகவும் மூச்சை இழுத்தால் மூளைக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைத்துப் பதற்றம் அடங்கிவிடும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான் என்றாலும் இது தவறு. உடல்நலத்துடன் இருப்பவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே இருப்பதால், வேகமாக இழுப்பதால் அது குறிப்பிடும்படி உயர்வதில்லை. மாறாக, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே செல்லும் இரத்தமே குறைகிறது. தலைசுற்றலும், விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பும் ஏற்படக்கூடும். ஏற்கெனவே பயந்திருப்பவர் இதை மாரடைப்பு என்றெண்ணி மேலும் கலங்கிப்போவார் என்பதே என் கவலை.

பலன் தருவது மெதுவான மூச்சு. மூக்கின் வழியே 4 நொடிகள் இயல்பாக இழுத்து, 6 நொடிகள் நிதானமாக வெளியே விட்டால், நிமிடத்துக்கு 6 மூச்சுகள் ஆகும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் (மூளையிலிருந்து இதயத்துக்குச் சென்று அதன் துடிப்பை மட்டுப்படுத்தும் நரம்பு) செயல் கூடி இதயத் துடிப்பு சற்றே தணிகிறது என்பதால், கவனம் செலுத்த வேண்டியது வெளிமூச்சை நீட்டுவதில்தான். அந்த அளவு சிரமமாக இருந்தால் 3 நொடிகள் இழுத்து 4 நொடிகள் விடலாம். மூச்சைப் பிடித்துவைக்கத் தேவையில்லை.