தெரியாத இடத்தில் கோடு போடு

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன வாரம் தமிழ் வீட்டுப்பாடம். கல்வியைப் பற்றி ஒரு குறளும் அதன் பொருளும் எழுதிவர வேண்டும். ஐந்தே நிமிடத்தில் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வாசித்ததும் ஓசை எங்கேயோ இடறியது. சீரை எண்ணினேன். முதலடியில் நான்கு, இரண்டாமடியிலும் நான்கு. குறளுக்கு இரண்டாமடி மூன்று சீர்தானே? கல்வி அதிகாரம் 391 முதல் 400 வரை. பத்தையும் இருவருமாகப் பார்த்தோம், அப்படி ஒரு குறளே இல்லை. செல்போனில் ஏஐ செயலியிடம் கேட்டிருக்கிறாள். அது தானாக இரண்டு வரி எழுதி, குறள் எண்ணும் போட்டு, பொருளும் சொல்லிவிட்டது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல, அம்மா?" என்றாள்.

எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. 2003-இல் கோவையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் சேர்ந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததை ஹெட்போனில் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு டைப் செய்ய வேண்டும். 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், காதுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. விழுங்க முடியாவிட்டால் டிஸ்ஃபேஜியா, பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டால் டிஸ்ஃபேசியா. இதையெல்லாம் உடற்கூறு தெரிந்துதான் பிரிக்க முடியும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: காதில் விழவில்லையா, கோடு போட்டு பிளாங்க் விடு, ஊகித்து எழுதாதே. ஒரு நோயாளியின் மருந்து அளவு அதில் இருக்கிறது.

2009-இல் மருத்துவமனைகளை மின்னணுப் பதிவேடுகளுக்கு மாற்ற அமெரிக்காவில் சட்டம் வந்தது. கொஞ்ச நாளில் எங்கள் ஆபீசுக்குப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் வந்தது. நாங்கள் எடிட்டர் ஆனோம். மெஷின் எழுதியதைத் திருத்த வேண்டும், கூலி ஏறக்குறைய பாதி. அந்த மெஷின் பிளாங்க் விடவே விடாது. கேட்காத இடத்திலும் ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டு வாக்கியத்தை அழகாக முடித்துவிடும்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஆறு வருஷம் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு டைப் செய்த எங்களுக்கு அந்தத் தப்பு கண்ணில் பட்டது. நேராக எடிட்டராகச் சேர்ந்த புதுப் பிள்ளைகளுக்குப் படவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், எங்களைவிட நல்ல ஆங்கிலம் பேசினார்கள். ஆனால் வாக்கியம் சரளமாக ஓடும்போது எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரியாது. அந்தச் சந்தேகம் பெடலை மிதித்து மிதித்து வந்தது.

இனி வரும் வேலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும், மெஷின் செய்ததைச் சரிபார்க்கும் ஆட்கள் தேவைப்படுவார்கள் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். அந்த ஆள் எங்கே உருவாவான்? ஆரம்பநிலை வேலையை மெஷினே செய்துவிட்டால் புதிதாக வருகிறவனுக்குக் கை பழகும் இடம் எது? பள்ளிக்கூடம்தான் அந்த இடம் என்று நினைக்கிறேன். அங்கேயும் முதல் முயற்சியை செயலிக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் எதுவும் இல்லை.

செல்போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-இல் பள்ளிகளை மூடியபோது அவள் மூன்றாம் வகுப்பு. 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் ஒன்று முதல் எட்டு வரை திறந்தார்கள். அதுவரை அவளுக்கு செல்போன்தான் வகுப்பறை. இதயம் ரத்தத்தை எப்படி இறைக்கிறது என்று வீடியோவில் பார்த்து எனக்கே விளக்கிய பிள்ளை. அந்தக் கருவியைப் பிடுங்கி வைப்பது நியாயமில்லை.

எங்கள் வீட்டில் வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறோம். முதலில் நோட்டு, பேனா, அவள். தெரியாத இடத்தில் கோடு. அப்புறம் புத்தகம், கடைசியில் செயலி. செயலி சொன்னதை வேறு ஓரிடத்தில் பார்த்துவிட்டுத்தான் கோட்டை நிரப்ப வேண்டும். ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வீட்டுப்பாடத்தில் பிள்ளை கோடு போட்டு வந்தால் திட்டாதீர்கள், முடிந்தால் அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள். எல்லா இடத்தையும் நிரப்பி வந்தால்தான் பாராட்டு என்றால், நிரப்பித் தருவதற்கு இன்று கையிலேயே ஆள் இருக்கிறது.

நேற்று அறிவியல் நோட்டைப் பார்த்தேன். ஏழு கேள்வியில் இரண்டில் கோடு இருந்தது. ஒன்றைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தோம். இன்னொன்றை, "நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுக்கிறேம்மா" என்று அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.