மாரியில் நிரம்புவது குழியா, குழாயா?

கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பில் மலக்குழி இறைக்கிற கலி பவுசருக்கு வரிசைதான். இன்றைக்கு இறைத்துவிட்டுப் போவார்கள், நாலாம் நாள் கொமட்டில் தண்ணீர் இறங்காது. உடனே "குழி சின்னன், பெருசாக் கட்டுவம்" என்று மேசனைக் கூப்பிடுவோம். புளியந்தீவு, கல்லடிப் பக்கத்துப் பழைய வளவுகளில் குழிக்குக் காசைக் கொட்டுமுன், வீட்டுக்கும் குழிக்கும் நடுவில் புதைந்து கிடக்கிற களிமண் குழாயைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

அந்தக் குழாய்கள் இரண்டு மூன்று அடித் துண்டுகள், சீமெந்துக் கலவையால் மூட்டியவை. மணல் கொஞ்சம் இறங்கினாலே மூட்டு வெடிக்கும், வெடிப்பில் வேர் நுழையும். மாரியில் நிலத்தடி நீர் குழாய்க்கு மேலே ஏறிவிடுகிறது. முகத்துவாரம் மண்மூடி வாவி மட்டம் உயர்ந்தால் இன்னும் மோசம். வெளித்தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே வர, முற்றத்து இன்டர்லொக் கல் பள்ளம் விழும். கோடையில் உள்ளே இருப்பது வெளியே கசியும். ஊறல் குழியை, அதாவது மலக்குழியால் வழியும் தண்ணீர் மண்ணில் ஊறிப்போகிற குழியை, கிணற்றிலிருந்து 50 அடி அளந்து கட்டியவர்கள், கிணற்றோரமாக வெடித்த குழாயை விட்டுவைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

கண்டுபிடிப்பது லேசு. குழியை இறைத்த அன்று இரவு யாரும் தண்ணீர் பாவிக்க வேண்டாம். காலையில் மூடியைத் திறந்து டோர்ச் அடியுங்கள். வீட்டிலிருந்து வரும் வழியில் தெளிந்த நீர் வடிந்தால் பிழை குழாயில். ஊறல் குழிக்குப் போகும் வழியால் திரும்பி வந்தால் ஊறல் குழி நிறைந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் மட்டம் மட்டும் ஏறியிருந்தால் சுவர் கசிகிறது. குழிக்குள் தலையை விடாதீர்கள், நெருப்புக் கொளுத்தியும் பார்க்காதீர்கள், அந்த வாயு ஆளைக் கொல்லும். பிளாஸ்டிக் குழி வைத்தவர்கள் நிலம் ஊறிக் கிடக்கும்போது முழுக்க இறைக்கவே கூடாது. வெறுங்குழியை நீர் மேலே தூக்கிவிடும்.

குழாயை மாற்றுவதென்றால் ஆடி, ஆவணியில் செய்யுங்கள். அப்போதுதான் நீர் ஆழத்தில் இருக்கும். நம்மட மணல் வெட்ட வெட்டச் சரியும். நாலு அடிக்குக் கீழே போனால் பலகையோ தகரமோ முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். வெட்டிய கிடங்கில் ஊறும் நீரை மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் மணலும் சேர்ந்து போய், பக்கத்து வீட்டு மதில் சாயும்.

பைப் 110 மில்லிமீற்றர் பி.வி.சி., தடிப்பில் ரைப் 600 என்று கேட்டு வாங்குங்கள். மெல்லியதை வாங்கினால் மேலே வாகனம் ஏறும்போது நசுங்கும். சரிவு 40 அடிக்கு 1 அடி. குழியின் வாய் உயரத்தில் இருந்தால் 60 அடிக்கு 1 அடி வரை விடலாம். கண்ணால் பிடிக்காதீர்கள், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ரியூப்பால் மட்டம் பாருங்கள். குழிப்பக்கத்தில் தொடங்கி வீட்டை நோக்கி வர வேண்டும், பைப்பின் அகன்ற வாய் வீட்டுப்பக்கம் இருக்கட்டும். ஈரக் கிடங்கில் பசை பிடிக்காது, றப்பர் வளைய மூட்டுத்தான் சரி. திரும்பும் இடத்தில் 90 பாகை எல்போ வைத்தால் அங்கேதான் அடைக்கும். இரண்டு 45 வையுங்கள், பக்கத்தில் திறந்து பார்க்க ஒரு தொட்டியும் கட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, வெறும் பைப் மிதக்கும். ஒரு மீற்றர் பைப் நீருக்குள் அமிழ்ந்தால் ஏறத்தாழ ஒன்பதரை கிலோ விசை அதை மேலே தள்ளும், பைப்பின் பாரம் அதற்கு ஈடாகாது. காலையில் பார்த்தால் சரிவு போயிருக்கும். அதனால் பைப்புக்குள் நீர் நிரப்பி, மேலே மணல் மூட்டை வைத்துவிட்டு மண் போடுங்கள். அதற்கு முன் கீழ்முனையை அடைத்து நீர் நிறுத்தி அரைமணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மண் போட்ட மறுகா கண்டுபிடித்தால் இரட்டைக் கூலி.

பழைய குழாயைக் கிளற முடியாவிட்டால் இரு முனையையும் கொங்கிறீற்றால் அடையுங்கள். திறந்து விட்டால் அது தொடர்ந்து நீரையும் மணலையும் குழிக்குள் கொண்டுவரும்.

திறந்து பார்க்கக் கட்டிய தொட்டியின் மூடி முற்றத்தைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். பீலித் தண்ணீரை அந்தத் தொட்டிக்குள் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். முழுக் கூரையின் மழையையும் மலக்குழிக்குள் விட்டுவிட்டுப் பவுசர்காரரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அதைத் தனியாக, கிணற்றடி மணலுக்கோ கானுக்கோ திருப்பிவிடுங்கள்.