மச்சானுக்கு மலை காட்டிய அத்தான்

(லவுட்டர்புருனன். சுவிஸில் பேர்ன் மாநிலத்தில், இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிற பள்ளத்தாக்குக் கிராமம். கோடைகாலம், காலை நேரம், ரயில் நிலைய வாசல். மச்சான் இந்த ஊர் ஹோட்டல் ஒன்றில் குசினி வேலை. தலை நிறைய முடி இருந்த காலத்தில் வந்தவர். அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கையில் சி.ஆர். கொப்பி.)

அத்தான்: அடேயப்பா! இதென்ன மச்சான், மலை உச்சியிலிருந்து யாரோ மா அரித்துக் கொட்டுகிற மாதிரி?

மச்சான்: அதுவா? அது தண்ணி அத்தான். எப்போதும் அப்படித்தான் விழும்.

அத்தான்: பெயர் என்ன?

மச்சான்: பெயரா? யாருக்கு?

அத்தான்: (கொப்பியைப் புரட்டி) ஸ்டவுப்பாக் அருவி. கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். பாறையில் ஒட்டாமல் விழுவதால், காற்று அடித்தால் பாதி வழியிலேயே புகையாகிப் போய்விடுமாம். 1779இல் கோதே என்கிற ஜெர்மன் கவிஞர் இங்கே வந்தார். ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெரிய கவிதை எழுதியிருக்கிறார். நீ தினமும் பார்க்கிறவன், ஒரு கடிதத்தில்கூட இதைப்பற்றி எழுதவில்லையே!

மச்சான்: அவருக்கு ஜன்னல் இந்தப் பக்கம் இருந்திருக்கும். எங்கள் குசினி ஜன்னலால் பார்த்தால் குப்பைத் தொட்டிதான் தெரியும்.

அத்தான்: இந்தப் பள்ளத்தாக்கில் மொத்தம் 72 அருவி என்கிறார்கள். நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். அந்த மூலையில் தெரிகிறதோடு எட்டு.

மச்சான்: அது ஹோட்டல் கூரைப் பீலி அத்தான். இரவு மழை பெய்தது.

அத்தான்: (கொப்பியில் வெட்டுகிறார்) ஏழு. சரி, நட. அந்த அருவிக்குப் பின்னால் போய் நிற்கலாம். பாறையைக் குடைந்து வழி செய்திருக்கிறார்கள். கோடையில் திறந்திருக்கும், காசும் இல்லை.

மச்சான்: காசில்லையா? சுவிஸிலா? நீங்கள் வேறு நாட்டைப்பற்றி வாசித்திருப்பீர்கள்.

(போகிறார்கள். நனைந்து திரும்புகிறார்கள். காசு கேட்க உண்மையிலேயே யாரும் வரவில்லை என்பதை மச்சான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறார்.)

அத்தான்: இது வெளியே விழுகிற அருவி. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் மலைக்கு உள்ளேயே விழுகிறது, டிரும்மல்பாக். ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் என்கிற மூன்று மலையின் பனிக்கட்டி ஆறுகளும் உருகி, பாறைக்குள்ளால் பத்து அருவியாக இறங்குகின்றன. நொடிக்கு 20,000 லீட்டர் வரை போகும்.

மச்சான்: இருபதாயிரமா! குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்தால் எங்கள் முதலாளி கத்துகிற கத்து உங்களுக்குத் தெரியாது. அங்கே யார் மூடுகிறது?

அத்தான்: குளிர்காலம் மூடும். (திடீரென்று மேலே பார்த்து) ஐயோ! மச்சான்! ஆள்! ஒரு ஆள் மலையிலிருந்து விழுகிறான்!

மச்சான்: (பார்க்காமலே) விழவில்லை, குதிக்கிறான்.

அத்தான்: ஏன்?

மச்சான்: விருப்பம் அத்தான். உலகம் முழுவதிலுமிருந்து இதற்கென்றே வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பரசூட் விரியும், பாருங்கள். பிறகு எங்கள் ஹோட்டலுக்குத்தான் சாப்பிட வருவார்கள். அவர்களிடம் மட்டும் முதலாளி காசை முதலே வாங்கச் சொல்லியிருக்கிறார்.

அத்தான்: (நெஞ்சைத் தடவிக்கொண்டு) எங்கள் பக்கத்தில் மலை என்றால் கீரிமலைதான். அதிலும் குளிக்கலாம், குதித்துச் சாக முடியாது.

மச்சான்: எல்லாரும் யுங்ஃபிராவ்யொக் யுங்ஃபிராவ்யொக் என்று ஓடுகிறார்களே, அங்கே போவோமா? அது நல்ல இடம் என்று கேள்வி.

அத்தான்: கேள்வியா? இவ்வளவு காலமும் நீ போகவில்லையா?

மச்சான்: கோடையில் ஆட்கள் கூட, லீவு தர மாட்டார்கள். குளிர்காலத்தில் சறுக்க வருகிறவர்கள் கூட. இடையில் லீவு கிடைத்தால் யாருக்காவது கல்யாணம் வந்துவிடும். சூரிச்சில் கல்யாண மண்டபம் எது கேட்டாலும் சொல்லுவேன்.

அத்தான்: அங்கே மேலே போகிற மலை ரயிலைப்பற்றி நான் வாசித்திருக்கிறேன். குயர்-செல்லர் என்கிற ஆலைக்காரர் திட்டம் போட்டு, 1896இல் குடையத் தொடங்கினார்கள். அவர் 1899இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ரயில் மேலே போய்ச் சேர 1912 ஆனது. நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில். ஐகர், மொங்க் இரண்டுக்கும் உள்ளால், ஏழு கிலோமீட்டர் சுரங்கம். எவ்வளவு டிக்கெட்?

மச்சான்: கோடையில் போய் வர இருநூறு பிராங்கைத் தாண்டும். ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் பாதி. உங்களிடம் இல்லை.

அத்தான்: ஒரு பிராங் முன்னூறு ரூபாவுக்கு மேல்... அறுபதினாயிரம்! மலையைப் பார்க்கப் போகிறேன் என்று ஏழு கிலோமீட்டர் இருட்டைப் பார்க்க அறுபதினாயிரம்! கரண்ட் போகிற நேரம் எங்கள் வீட்டில் சும்மா பார்க்கிறோம்.

மச்சான்: மேலே போனால் அலெட்ச் பனிக்கட்டி ஆறு தெரியுமாம் அத்தான்.

அத்தான்: தெரியும், தெரியும். ஆல்ப்ஸிலேயே பெரியது. ஆனால் நான் வேறு கணக்குப் போட்டிருக்கிறேன். இங்கிருந்து கேபிள் காரில் குருட்ச்சால்ப் ஏறுவோம். அங்கிருந்து மியூரன் வரைக்கும் நடப்போம். மூன்று மலையும் வழி முழுக்க எதிரேயே நிற்கும்.

(அத்தான் சொன்னது சரியான கணக்கு. இந்தப் பக்கத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மலை வேறு எங்கும் கிடைக்காது. கேபிளில் ஏறும்போது மட்டும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார். மேலே, மஞ்சள் பலகைக்கு முன்னால்.)

மச்சான்: மியூரன் ஒரு மணி சொச்சம் என்று போட்டிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்று போடவில்லையே?

அத்தான்: இங்கே தூரம் போட மாட்டார்கள், நேரம்தான். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பாய் என்று வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுகிறார்கள். நின்று மூச்சு வாங்குகிற நேரம் அதில் சேராது.

மச்சான்: அப்படியென்றால் எங்களுக்கு மூன்று மணி.

அத்தான்: வெறும் மஞ்சள் குறி என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை வந்தால்...

மச்சான்: வந்தால்?

அத்தான்: திரும்பி வீட்டுக்கு. (நடந்து, கொஞ்சத் தூரத்தில் நிற்கிறார்) பார் மச்சான். இடப்பக்கம் ஐகர், 3,967 மீட்டர். நடுவில் மொங்க். வலப்பக்கம் பெரியது யுங்ஃபிராவ், 4,158. அந்த ஐகரின் வடக்குச் சுவரில் ஏறப்போய் எத்தனை பேர் செத்தார்கள்! 1938இல்தான் நாலு பேர் முதன்முதலாக ஏறி முடித்தார்கள்.

மச்சான்: (வாயைப் பிளந்து) இதுதானா ஐகர்!

அத்தான்: ஏன், பெயர் தெரியுமா?

மச்சான்: தெரியாமல் என்ன? எங்கள் மெனுவில் இருக்கிறது. ஐகர் என்றால் உருளைக்கிழங்கு றோஸ்டி, மேலே பொரித்த முட்டை. மொங்க் என்றால் சீஸ் போட்டது. யுங்ஃபிராவ் மூன்று உருண்டை ஐஸ்கிரீம். இத்தனை காலமும் ஆயிரக்கணக்கில் ஐகர் பண்ணியிருக்கிறேன் அத்தான், ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அத்தான்: முட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. நட. (மீண்டும் நிற்கிறார்) நடுவழியில் மாடு.

மச்சான்: மணி கட்டியிருக்கிறது. சாதுவாகத்தான் நிற்கிறது. கழுத்தைத் தடவிவிட்டுப் போவோம்.

அத்தான்: வேண்டாம்! பக்கத்தில் கன்று நிற்கிறது பார். தாய் மாடு கன்றைக் காக்கப் பாயும். தள்ளிச் சுற்றிப் போகச் சொல்லித்தான் வழி முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள்.

(புல்லுக்குள்ளால் சுற்றுகிறார்கள். அத்தான் சறுக்கி உட்காருகிறார்.)

மச்சான்: அத்தான்! கால் முறிந்துவிட்டதா?

அத்தான்: இல்லை. காற்சட்டைதான்.

மச்சான்: பயந்துவிட்டேன். முறிந்தால் 1414 அடிக்க வேண்டும். ரேகா என்கிற மீட்புக்காரரின் ஹெலிகொப்டர் வரும். இங்கே மாடு காலை முறித்தாலும் அதுதான், வலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். அது மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சிகரெட் பிடிக்க வெளியே வந்தபோது.

அத்தான்: மாட்டுக்கும் ஹெலிகொப்டரா! யார் காசு?

மச்சான்: வீட்டுக்காரர் வருஷா வருஷம் சந்தா கட்டியிருப்பார்.

அத்தான்: எனக்கு யார் கட்டியிருக்கிறார்?

மச்சான்: மாட்டுக்குப் பின்னாலேயே மெதுவாக நடங்கள் அத்தான்.

(மியூரன். 1,600 மீட்டருக்கு மேல், பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர். கார் கிடையாது. மர வீடுகள், ஜன்னலெல்லாம் சிவப்புப் பூ, தெருவோரத் தொட்டியில் குடிக்கிற தண்ணி. அத்தான் இரண்டு போத்தல் நிரப்பி, இலவசம் என்று கொப்பியில் எழுதுகிறார்.)

அத்தான்: பனிச்சறுக்கில் வளைந்து வளைந்து போகிற ஸ்லாலம் போட்டியை 1922இல் ஆர்னல்ட் லன் என்கிற இங்கிலீஷ்காரர் இந்த ஊரில்தான் தொடங்கினார். அதோ அந்தக் கேபிளில் போனால் ஷில்ட்ஹோர்ன் உச்சி, 2,970 மீட்டர். ஜேம்ஸ் பொண்ட் படம் எடுத்த இடம். உச்சியில் ஒரு சாப்பாட்டுக்கடை, அப்படியே வட்டமாகச் சுற்றும்.

மச்சான்: கடை சுற்றுமா? ஐயோ பாவம்!

அத்தான்: யார்?

மச்சான்: சாப்பாடு கொண்டுபோகிற பெடியன்தான். ஓடர் எடுத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் மேசை வேறு பக்கம் போயிருக்குமே. சூப்பை யாரிடம் கொடுப்பான்? பில்லை யாரிடம் வாங்குவான்? அதை ஒருதரம் பார்க்கத்தான் வேண்டும் அத்தான். செலவு என்னுடையது. ஆனால் முதலில் இந்தக் கடையில் ஒரு கோப்பி. கொஞ்சம் நில்லுங்கள், உள்ளே தமிழ்க் குரல் கேட்கிறது.

(உள்ளே போகிறார். கால் மணி நேரம். கோப்பி வரவில்லை. மச்சான் மட்டும் வருகிறார்.)

அத்தான்: யார் அது?

மச்சான்: எங்கள் ஆள்தான், உரும்பிராய். கோப்பை கழுவுகிறார். நல்ல மனுஷன்.

அத்தான்: ஷில்ட்ஹோர்ன் எப்படி இருக்கும் என்று கேட்டாயா?

மச்சான்: கேட்டேன். அது நல்ல இடமா என்று அவர் என்னிடம் கேட்கிறார். எங்களோடு வருகிறாராம். வேலை முடியத்தான் வரலாமாம்.

அத்தான்: எப்போது முடியும்?

மச்சான்: ஒரு பஸ் ஆட்கள் சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கிறது அத்தான். தனி ஆள் என்றால் பின்னேரம் ஆகிவிடும். இரண்டு பேர் நின்றால் ஒரு மணி நேரத்தில்...

அத்தான்: சட்டைக் கையை ஏன் மடிக்கிறாய்? இன்றைக்கு உனக்கு லீவு!

மச்சான்: மூன்று பேர் என்றால் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அத்தான்: நாற்பது நிமிஷம். (யோசித்து) டேய்!