ஏரிக்கரைக் கட்டடம் யாருக்குத் திறந்திருக்க வேண்டும்?

பொதுப் பூங்காவுக்குள், ஏரியைப் பார்த்தபடி பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடத்தை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தால், இடித்துவிடலாம் என்பார்கள். இல்லையேல் விருந்து, விழாக்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பார்கள். இரண்டையும் விட நல்ல வழி உண்டு என்பதற்குச் சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் நிற்கும் இரு கட்டடங்களே சான்று என்று கருதுகிறேன்.

ஒன்று, லிங்கன் பூங்காவில் 1920இல் கட்டடக் கலைஞர் டுவைட் பெர்க்கின்ஸ் வடிவமைத்தது. நெரிசலான குடியிருப்புகளில் நோயுற்ற ஏழைக் குழந்தைகள் ஏரிக்காற்றில் உடல் தேறட்டும் என்று, சிகாகோ டெய்லி நியூஸ் நாளிதழின் ஆதரவில் அது எழுந்தது. காற்று தடையின்றி உள்ளே வரும்படி திறந்த பக்கங்கள், வரிசையாகக் கூடைத் தொட்டில்கள், இலவசப் பால், மருத்துவம் என்று கோடைதோறும் இயங்கி, 1939இல் மூடப்பட்டது. ஏரிக்கரைச் சாலையைத் திருத்தி அமைத்தபோது அதன் முன்வாசலே இடிபட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களின் பொழுதுபோக்குக் கூடமாகி, 1950களில் கோடைக்கால நாடக அரங்காக மறுபிறவி எடுத்தது. குழந்தைகளுக்காகத் திறந்துவைத்த அதே பக்கங்கள்தாம் பார்வையாளர்களுக்கும் காற்றைத் தந்தன. கட்டடத்தின் இயல்பைச் சிதைக்காமல், அதிலிருந்தே புதிய பயன்பாட்டைக் கண்டெடுத்ததுதான் இங்கே நான் மதிக்கும் செயல்.

தெற்கே உள்ள சவுத் ஷோர் கட்டடத்தின் வரலாறு இன்னும் கூர்மையானது. கறுப்பின மக்களையும் யூதர்களையும் உறுப்பினராக ஏற்காத செல்வந்தர்களின் மன்றம் அது. 1970களில் பூங்கா நிர்வாகம் அதை வாங்கி இடிக்க முனைந்தபோது, அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். இன்று அது பண்பாட்டு மையம். பராக் ஒபாமா, மிஷெல் இணையரின் திருமண வரவேற்பு 1992இல் நடந்ததும் அங்கேதான். யாரை வாசலில் நிறுத்தினார்களோ அவர்களுக்கே உரியதாக ஒரு கட்டடம் மாறுவதைவிடப் பெரிய சீரமைப்பு வேறில்லை.

லிங்கன் பூங்காக் கட்டடம் 2018இல் புதுப்பிக்கப்பட்டு, உணவகமும் வாடகை நிகழ்ச்சிகளும் நடக்கும் இடமாகியிருக்கிறது. பணத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஈரமும் பனியும் அலையும் அரிக்கும் கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு ஓயாது. ஆளில்லாத கட்டடத்தில் கூரை ஒழுகுவதைக்கூட எவரும் உடனே கவனிப்பதில்லை. ஆனால் வாடகை வருமானம் கட்டடத்தைக் காக்க வேண்டுமே தவிர, கட்டடம் வருமானத்துக்காகவே இருக்கக் கூடாது. பூங்காவில் நடக்க வந்தவர், கையில் காசில்லாமல், ஒரு சாதாரண வார நாளில் உள்ளே போய் உட்கார முடியாதென்றால், அது எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் பொதுச்சொத்தாக மீளவில்லை என்றே சொல்வேன்.

ஆகவே, பூட்டிக் கிடக்கும் ஏரிக்கரைக் கட்டடம் எதுவானாலும், பெரிய திட்டங்களுக்கு முன்பே கழிப்பறை, குடிநீர், மழைக்கு ஒதுங்க இடம் ஆகியவற்றைத் திறந்துவிட வேண்டும். மக்கள் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒரு பருவமாவது பார்த்த பிறகே நூலகமா, நாடக அரங்கா, கைவினைப் பயிற்சிக்கூடமா என்று முடிவெடுக்க வேண்டும். தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதானால் வாடகை நாட்களுக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும். ஏரியைப் பார்த்த தாழ்வாரத்தை எந்தக் குத்தகையிலும் சேர்க்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.