யோபு பொறுமைசாலி என்றால், நடுவில் அவர் பேசியதெல்லாம் என்ன?

"பொறுமையா இருங்க, கர்த்தர் பார்த்துக்குவார்." சபைக்குப் போய்வரும் எவருக்கும் இது காதில் பழகிய வார்த்தை. சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவருக்குப் பல நேரம் அது "போதும், இனி இதைப் பத்திப் பேசாதே" என்றுதான் விழுகிறது. பொறுமையைப் போதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாயை அடைக்கிறோம். வேதம் காட்டுகிற பொறுமைக்கு வாய் உண்டு. நன்றாகவே உண்டு.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்த யோபுவையே எடுத்துக்கொள்வோம். "யோபின் பொறுமையைக்குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினாலும் எழுதினார், நாம் கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொண்டோம். பிரசங்கங்களில் முதல் இரண்டு அதிகாரம் வரும். பிறகு நேரே 42-க்குத் தாவி, இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்க் கிடைத்தது என்று முடித்துவிடுவார்கள். நடுவில் இருப்பதை வாசித்துப் பாருங்கள். மூன்றாம் அதிகாரத்திலேயே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கே தொடங்கி 31-ஆம் அதிகாரம் வரை வழக்காடுகிறார், முறையிடுகிறார், ஏன் என்று கேட்கிறார். அவருடைய நண்பர்களோ தேவனுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். பேச்சு ஒவ்வொன்றும் ஞாயிறு பிரசங்கத்துக்குப் பொருந்தும்! கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார்.

யோபுவையும் அவர் சும்மா விடவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்தார் என்பதும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் என் கண்ணில் படுகிறது. நண்பர்கள் பேசியதெல்லாம் தேவனைப் பற்றி. அவரை நோக்கி ஒரு வார்த்தை பேசவில்லை. யோபு அவரிடமே பேசினார். கோபத்தோடு பேசினார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. யாக்கோபு பாராட்டுகிற பொறுமை அந்தப் போகாமலிருத்தல்தான் என்று நான் வாசிக்கிறேன்.

சங்கீதக்காரனும் அப்படித்தான். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆபகூக் தீர்க்கதரிசியும் அதையேதான் கேட்டார். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில், பரலோகத்திலேயே, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு பலிபீடத்தின் கீழிருக்கும் ஆத்துமாக்களும் அதையே கேட்கிறார்கள். நம் ஜெபக்கூட்டத்தில் யாராவது அப்படிக் கேட்டால் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகப்படுவோம்.

இன்னொன்று. "சகோதரரே, கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்" என்பது யாக்கோபு 5:7. அதற்கு முந்தைய ஆறு வசனங்களை யாரும் வசன அட்டையில் போடுவதில்லை. வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த ஐசுவரியவான்களை அவர் அங்கே கிழி கிழியென்று கிழிக்கிறார். அந்தக் கூலி கூக்குரலிடுகிறதாம், அது கர்த்தருடைய செவிவரை போய்விட்டதாம். அநியாயத்தை அநியாயம் என்று உரக்கச் சொன்ன பிறகுதான், அதை அனுபவித்தவர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். நாமோ முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்த மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற கடிதத்தை எழுதியது யாருக்கு? போராட்டத்துக்கு இது நேரமில்லை, பொறுத்திருங்கள் என்று சொன்ன எட்டு மதகுருமாருக்கு. காத்திரு என்ற சொல் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே முடிந்திருக்கிறது என்று அவர் பதில் எழுதினார். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் போய் பொறுமை என்று சொல்கிற மூப்பர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பான ஓர் இடம்.

அப்படியானால் பொறுமையே வேண்டாமா? வேண்டும். அதை அடுத்தவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்காமல் நாம் உட்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் நம் அவசரத்துக்கான விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஆபிராம் என்ற ஆபிரகாம் தேவனால் அழைக்கப்பட்டபோது வயது 75, வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. கானானில் பத்து வருஷம் ஆனதும் மனைவி சாராய் பொறுமையிழந்து, பிள்ளை பெறுவதற்காகத் தன் அடிமைப் பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாள், ஆபிராமும் தலையாட்டினார். வனாந்தரத்துக்கு ஓடியது ஆகார். அடிமைப் பெண், கர்ப்பிணி, அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பவுல் ஆவியின் கனி என்று சொல்லும் நீடிய பொறுமை எனக்குப் பிடிபடத் தொடங்கியது மனுஷரிடம்தான். நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்க நமக்கு வேறு வழியில்லை, காத்திருந்தே ஆகவேண்டும். ஆளுக்காகக் காத்திருப்பதுதான் கஷ்டம். நோயாளியைப் பார்க்கப் போகிறோம். படுத்திருப்பவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்: எந்த டாக்டர் என்ன சொன்னார், ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது. நம் கை பைக்குள்ளிருக்கும் வேதாகமத்தைத் தேடுகிறது. ஒரு வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டால் கிளம்பிவிடலாம். அந்தக் கையை அடக்கி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமில்லை. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்!

சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதிலும் எனக்கு ஒரு குறை. கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் மைக். வேலை கிடைத்தவர், சுகம் கிடைத்தவர், குழந்தை கிடைத்தவர். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் என்று தாமே சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இன்றைக்கு நம் சபையில் அவர் கை தூக்கினால் மைக் கொடுப்போமா என்று தெரியவில்லை. வருஷக்கணக்கில் ஒரே ஜெபக்குறிப்பை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை மேடைக்கு அழைத்து, "இன்னும் எதுவும் நடக்கலையே, எப்படி வந்துட்டே இருக்கீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் கேட்கலாம். முடிவில் யாரும் எழுந்து "சீக்கிரம் நடக்கும், ஆமென்" என்று சேர்க்கக் கூடாது. எந்தப் பாஸ்டராவது இதைச் செய்து பார்த்தால், எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள்.