மடையான் வறுவல் தேடி வருகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்து வயலில் தண்ணீர் நின்றதும் எங்கள் டெல்டா பக்கம், வயலில் மீன் தேடி நிற்கிற சின்னக் கொக்கான மடையானைப் பற்றி ஒரு விசாரிப்பு கிளம்பிவிடும். "மாப்ள, மடையான் எங்க கிடைக்கும்?" கேட்கிறவர் நடவுக்குப் போகிறவர் இல்லை. திருச்சியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர், லீவில் வந்திருக்கும் சிங்கப்பூர்காரர், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சரக்குக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது 'ஸ்பெஷலா' வேண்டும் என்கிற கோஷ்டி. இந்தப் பதிவு இவர்களுக்காக.

கோடியக்கரையையும் முத்துப்பேட்டை அலையாத்தியையும் விட்டால் நம் பக்கம் காடு என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால் வேட்டைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மடையான், கொக்கு, கானாங்கோழி, உள்ளான், கவுதாரி, உடும்பு, ஆமை எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. பிடிப்பது மட்டுமல்ல, வாங்கினாலும் கறியாக வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். உடும்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

அறுவடை முடிந்த வயலில் எலி வளை வெட்டுகிறவர்களையும், நத்தை நண்டு பொறுக்குகிறவர்களையும் இதில் சேர்க்கவில்லை. எலி பிடிக்கத் தடையும் இல்லை, பிடித்தால் நெல்லுக்கு லாபம். கையில் வெட்டுக்காயத்தோடு எலியை உரிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும் என்று மட்டும் சொல்வேன். அவர்கள் செய்வது வயிற்றுப்பாடு. நான் சொல்வது வியாபாரம்.

வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியுமா? வரப்போரம் ஒரு மடையான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கிட்டே போயும் பறக்கவில்லை. குச்சியில் கால் கட்டியிருந்தது. இரண்டு கண் இமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். கண் தெரியாத பறவை படபடக்காமல் உட்கார்ந்திருக்கும். இனம் இருக்கிறதே என்று நம்பி மற்றவை வந்து இறங்கும், சுற்றிக் கிடக்கும் கண்ணியில் மாட்டும். காடைக்கு இந்த மெனக்கெடல்கூட இல்லை. ராத்திரியில் வலையைக் கட்டி, ஸ்பீக்கரில் காடைச் சத்தத்தை ஓடவிட்டால் போதும்.

இதையெல்லாம்விட மோசம் விஷம். நெல்லின் தண்டைக் குடைகிற தண்டுத்துளைப்பான் புழுவுக்கு நாம் போடுகிற அதே கார்போபியூரான் குருணை மருந்தைப் பொடிமீனிலோ நெல்லிலோ கலந்து வயலில் வைக்கிறார்கள். சின்னப் பறவை சாக ஒரே ஒரு குருணை போதும். பெரிய பறவை தள்ளாடி விழும், உயிர் போவதற்குள் ஓடிப்போய்க் கழுத்தை அறுத்துவிடுவார்கள். ரத்தம் வடிந்த கறி, பார்க்க ஃப்ரெஷ்ஷாக இருக்கும். கார் எடுத்துக்கொண்டு வந்த அண்ணன் அதைத்தான் மிளகு தூக்கலாகப் போட்டு வறுக்கச் சொல்கிறார்.

அந்த மருந்து பூச்சியின் நரம்பை முடக்குகிற மாதிரியே மனித நரம்பையும் முடக்கும். வாந்தி, எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், கைகால் நடுக்கம். அளவு கூடினால் மூச்சே நின்றுவிடும். வறுத்தால் விஷம் போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குடலை உருவிக் குப்பையில் எறிந்தால் அதைத் தின்னும் நாயும் காக்காயும் கணக்கிலேயே வராது. 2023இல் மத்திய அரசு கார்போபியூரானின் மற்ற வடிவங்களைத் தடை செய்தபோது 3 சதவீதக் குருணைக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தது அந்தக் குருணைதான் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

அப்புறம் மருத்துவக் கதைகள். உடும்புக்கறி இடுப்புக்கு நல்லது, பழந்தின்னி வௌவால் வீசிங்குக்கு நல்லது. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இன்ஹேலர் வாங்கித் தர யோசிக்கிறவர், வௌவால் தேடிப் புளியமரம் புளியமரமாக அலைவதைப் பார்த்தால் என்ன சொல்வது? நிபா வைரஸின் இயற்கையான இருப்பிடமே பழந்தின்னி வௌவால்தான். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா பரவியபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே யாரும் வௌவால் தின்று நோய் வந்ததாக நான் சொல்லவில்லை. அந்த எச்சிலோடும் ரத்தத்தோடும் நாமாகப் போய்க் கை நனைக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். பறவைக் காய்ச்சல் காலத்தில் காட்டுப் பறவையை உரிப்பதும் இதே வகைதான்.

சரி, அத்தனை ரிஸ்க் எடுத்துக் கிடைப்பது எவ்வளவு? கொசு உள்ளானின் மொத்த எடையே 25 கிராம் பக்கம்தான். ஆர்க்டிக் ஓரத்துத் துந்திரா என்கிற மரமில்லாத பனிவெளியில் குஞ்சு பொரித்து, அவ்வளவு தூரம் பறந்து கோடியக்கரைக்கு வருகிற பறவை அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாக அங்கே பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி, எங்கிருந்து வருகின்றன என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் பறவைச் சரணாலயங்களான வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது போஸ்டர் ஒட்டாத குறையாகப் பெருமைப்பட்டோம். பறவை ஏரியில் அடையும். ஆனால் இரைக்கு வெளியே இருக்கிற வயலுக்குத்தானே வர வேண்டும்? அங்கேதான் கண்ணி.

பிடிபட்டால் போட்டோவில் நிற்பது யார்? பெரும்பாலும் ஏழைகள். வேட்டை என்றதும் முதல் சந்தேகம் நரிக்குறவர் மேல்தான் விழும். அவர்களுக்குப் பழங்குடி அந்தஸ்து கிடைக்கவே 2023 ஆயிற்று; வேறு பிழைப்புக்கு நாம் என்ன வழி செய்து கொடுத்தோம்? முன்பணம் கொடுத்த பார்க்காரரும் டிக்கியில் ஐஸ் பெட்டி வைத்திருந்தவரும் எந்தப் போட்டோவிலும் இல்லை. வாங்கினவரைப் பிடித்து நாலு வழக்கு நடத்தட்டும், அடுத்த சீசனில் விலை கேட்க ஆள் வராது. குருணை மருந்தைக் கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்ற கணக்கையும் வேளாண்மைத் துறை எடுத்துப் பார்க்கட்டும்.

"கோழி தின்னலாம், கொக்கு தின்னக் கூடாதா?" என்று கமெண்ட் வரும். கோழியை வளர்க்கிறோம், விற்ற அளவுக்கு மறுபடியும் குஞ்சு பொரிக்க வைக்கிறோம். மடையானை யாரும் குஞ்சு பொரிக்க வைப்பதில்லை. "பூச்சி மருந்து அடித்துப் பறவையைக் கொல்கிற விவசாயி பேசலாமா?" என்றும் வரும். நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுதியே ஆக வேண்டும். காடைதான் வேண்டும் என்கிறவர்களுக்குப் பண்ணைக் காடை ஊருக்கு ஊர் கிடைக்கிறது. நாமக்கல்லிலேயே ரகம் உருவாக்கியிருக்கிறார்கள், சட்டச் சிக்கலும் இல்லை. 'காட்டுக் காடை, டேஸ்டே வேற' என்று சர்வர் காதோரம் சொன்னால் மட்டும் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.